இலவச டச்சப்

“கல்யாணத்துக்கு மறுநாள் வரவேற்புல என் பொண்ணு கழுத்துல கன்னிப்போன தடம் ஒண்ணு இருந்துச்சு. ஆல்பத்துல அதைக் காணோமே தம்பி?” என்று ஸ்டுடியோவுக்கு வந்து கேட்டார் மணப்பெண்ணின் அப்பா.

போட்டோகிராபருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “கவனிச்சிட்டீங்களா சார்? ஒவ்வொரு படமா உட்கார்ந்து துடைச்சேன்.”

“எனக்கு அந்தத் தடம் வேணும்.”

“எல்லாரும் தடத்தை எடுக்கச் சொல்லித்தான் உயிரை வாங்குவாங்க. நீங்க வேணுங்கறீங்க.”

“திருத்தாத படம் இருக்குமா?”

“ஆல்பம் கைக்கு வந்ததும் அழிச்சிடுவேன் சார், கம்ப்யூட்டர்ல இடமில்ல. மனசுக்குக் குறையா இருந்தா பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. புதுசாவே எடுத்துத் தரேன்.”

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நேத்துதான் அவளை அடக்கம் பண்ணோம். அவ மேல கையே வச்சதில்லன்னு மாப்பிள்ளை போலீஸ்ல சாதிக்கிறான். அன்னைக்கே அவகிட்ட கேட்டேன். ‘நகை உரசிடுச்சுப்பா’ன்னு சொன்னா. நம்பிட்டேன்.”

போட்டோகிராபரின் கண் கம்ப்யூட்டர் திரைக்குப் போனது.

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்த அன்று, கணவன் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் திரையில் அந்தத் தடத்தைத் தொட்டு, “இதை மட்டும் எடுத்துடாதீங்கண்ணா” என்று மெதுவாகச் சொல்லியிருந்தாள்.

காசு கூடுதலாகுமே என்று தயங்குகிறாள் என நினைத்து, “உனக்கு இலவசம்மா” என்று அவள் கண்ணெதிரிலேயே துடைக்க ஆரம்பித்தது அவர்தான்.