ஏரியில் விழுந்த புகார்

நாடு முழுவதும் பதிவாகும் குற்றங்களை வரைபடத்தில் புள்ளியாக வைப்பது என் வேலை. விலாசம் சரியில்லாத புகார்களைக் கணினி தானாகவே நாட்டின் நடுப்புள்ளியில் போட்டுவிடும். அங்கே இருப்பது ஒரு ஏரி. அதனால் எங்கள் வரைபடத்தின்படி நாட்டிலேயே அதிகமாகத் திருட்டு நடப்பது அந்தத் தண்ணீருக்குள்தான். அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து உரிய தெருவில் சேர்க்க வேண்டும். ஏழு வருடமாக இதே பிழைப்பு.

செவ்வாய்க்கிழமை காலை அப்படி ஒன்றை எடுத்தேன். வேலைக்குப் போன மகள் வீடு திரும்பவில்லை என்று ஒரு தாய் கொடுத்த புகார். கதவு எண் இல்லை. 'தையல்கடைக்கு எதிர்மாடி' என்று மட்டும் இருந்தது. அம்மா எப்போதும் அப்படித்தான் விலாசம் எழுதுவாள். காணாமல்போனவளின் பெயர் என்னுடையது. புகார் தேதி போன வாரம்.

அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த மாடியில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். எழுத்தர் எடுத்தார்.

“ஆமாங்க, அந்தம்மா தினமும் வர்றாங்க. இப்பகூட பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க. பொண்ணு கிடைச்சிட்டா இந்தப் பக்கமே வரமாட்டேன்னு சொல்றாங்க. ஏதாவது தகவல் உண்டா?”

கதவு எண்ணைத் தட்டினேன். புள்ளி ஏரியை விட்டு எங்கள் வீட்டின்மேல் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன். பிறகு எண்ணை அழித்தேன். புள்ளி ஏரிக்குத் திரும்பியது.

“இன்னும் கிடைக்கலைங்க,” என்றேன். “தேடிட்டிருக்கோம்னு சொல்லுங்க. நாளைக்கும் வரச் சொல்லுங்க.”