சாம்பல் நிற எழுத்து

ஐந்தாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய தையல்காரி, மதிய வெயில் விழும் கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்க்கிறாள். கர்ப்பிணிகளுக்கான செயலியில் கணக்கை மூடினால்தான் வாழ்த்துச் செய்திகள் நிற்குமாம். திரையில் இளஞ்சிவப்புப் பட்டன் ஒன்று பெரிதாக மின்னுகிறது: ‘என் குழந்தையோடு தொடர்கிறேன்.’ அதற்கடியில், கண்ணை இடுக்கினால் மட்டுமே தெரிகிற சாம்பல் எழுத்தில், ‘வேண்டாம், என் குழந்தைமேல் எனக்கு அக்கறையில்லை.’ கணக்கை மூட அதைத்தான் அழுத்தியாக வேண்டும். “கொடும்மா, நான் அழுத்திடறேன்,” என்று கணவன் கை நீட்டுகிறான். “வேணாங்க. என் பேர்ல அப்படி ஒரு வார்த்தை போகக்கூடாது.” அவள் விரல் மெல்ல மேலே நகர்ந்து பெரிய பட்டனைத் தொடுகிறது. போன் குதூகலமாய்ச் சிணுங்குகிறது: ‘வாழ்த்துகள் அம்மா! இந்த வாரம் பாப்பா உங்கள் குரலைக் கேட்கத் தொடங்கும்.’