துணைக்கு ஆறுமுகத்தாய்

"கலைக்கவா? யாரு வீட்டு வாரிச யாரு கலைக்கது? நீங்க படிச்ச படிப்புல இடி விழ!"

ஆறுமுகத்தாய் போட்ட சத்தத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்து வேப்பமரத்தடியில் தடுப்பூசிக்கு வந்திருந்த பிள்ளைகளெல்லாம் ஊசியைப் பார்க்கும் முன்பே அழ ஆரம்பித்தன.

கிராம நர்ஸ் ஜெபகனி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சீவலப்பேரிப் பக்கத்தில் வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ மாமியார்களைப் பார்த்தவள்தான். இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை.

மருமகள் பொன்செல்வி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கியது. இரண்டாவது பெண் பிறந்தபோதுதான் இதயத்தில் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. இனி ஒரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது என்று அப்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள். இப்போது மூன்றாவது தங்கிவிட்டது.

சற்று முன்பு டாக்டர் சண்முகசுந்தரி அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டபோது ஜெபகனியும் பக்கத்தில் இருந்தாள்.

"மத்தவங்க சொல்றத விடு. உனக்கு என்ன வேணும்?"

"உசுரு வேணும்மா. ரெண்டு பொட்டப்பிள்ளையள வச்சிருக்கேன்."

"அப்ப பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன். சட்டப்படி உன் கையெழுத்து மட்டும் போதும். வேற யாரும் போட வேண்டாம்."

கையெழுத்து போதும்தான். ஆனால் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்கு அவளை பஸ் ஏற விடுவது யார்? புருஷன் இசக்கிதுரை வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"டாக்டரம்மா, சுடலை கோயில் கொடையில எங்க வீட்டு ஆம்பளதான் தீப்பந்தம் தூக்கணும். எனக்கு ஆம்பளப்பிள்ளை இல்லன்னா அந்த உரிமை சித்தப்பா வீட்டுக்குப் போயிரும். எந்த மருந்துன்னாலும் எழுதுங்க, வாங்கித் தாரேன். கலைக்கது மட்டும் கிடையாது."

"இதுவும் பொண்ணாப் பொறந்தா?" என்றார் டாக்டர்.

"பொறக்காது. சாமியாடி சொல்லியாச்சு" என்று குறுக்கே விழுந்தாள் ஆறுமுகத்தாய்.

ஜெபகனியால் அடக்க முடியவில்லை. "இவ நெஞ்சப் பத்தி சாமியாடி ஒண்ணும் சொல்லலையோ?"

"ஏட்டி நர்சு, நீ வாய மூடு! குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க ஊரு ஊரா அலையுதவதான நீ? வார கொடைக்கு எங்க வீட்டுப் பந்தத்த நீ வந்து தூக்குவியா?"

வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜெபகனிக்கு முகம் சிவந்துவிட்டது.

டாக்டர் மட்டும் குரலை உயர்த்தவே இல்லை. "ஏசி முடிச்சாச்சா? இந்த மூச்சுத் திணறலுக்கு இன்னைக்கே பெரியாஸ்பத்திரியில காட்டியாகணும். இங்க வச்சிருந்து ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல."

இசக்கிதுரை தலையைச் சொறிந்தான். வயலில் அறுப்புக்கு ஆள் இறங்கியிருந்தது. அவன் போனால் அங்கே வேலை நின்றுவிடும்.

"இவளத் தனியா அனுப்புனா, அங்கன உள்ளவங்க பேசியே மனசக் கரைச்சிருவாங்க."

"நான் எதுக்குலே இருக்கேன்?" ஆறுமுகத்தாய் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "நான் கூடப் போறேன். எவன் இவ மேல கைய வைக்கான்னு பாக்கேன். நீ போயி அறுப்பப் பாரு."

அவன் முகம் தெளிந்தது. "அதுவுஞ் சரிதான். எம்மா, கண்ண அங்கிட்டு இங்கிட்டு எடுத்துராத."

டவுண் பஸ் வந்தது. பொன்செல்வியின் கையைக் கெட்டியாகப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆறுமுகத்தாய் ஏறினாள்.  ஜெபகனி பின்னாலேயே ஓடினாள். அவர்கள் கீழே மறந்து வைத்திருந்த வயர் கூடையைத் தூக்கி உள்ளே கொடுத்தாள். கூடை நல்ல கனம்.

பஸ் கிளம்பிய பிறகும் ஜன்னல் வழியே ஏச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுத் திருப்தியாகி, இசக்கிதுரை சைக்கிளை வயல் பக்கம் திருப்பினான்.

ஜெபகனி விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க? அந்தப் பொம்பள கூட உக்காந்திருக்கும்போது பொன்செல்வி அங்க வாயத் திறப்பாளா? போன மாதிரியே வயித்தோட திரும்பி வருவா. அப்புறம் பிரசவத்துல சாவா. நீங்களாவது அந்தம்மா போக வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்."

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"கூடையத் தூக்கிக் குடுத்தியே, உள்ள என்ன இருந்தது?"

ஜெபகனி யோசித்தாள். மேலே ஒரு ஃபிளாஸ்க். அதன் கீழே மாற்றுச் சேலை, பாவாடை. அடியில், கூடைப் பின்னலின் இடைவெளி வழியே தெரிந்த, துவைத்துக் காயவைத்துக் கிழித்து மடித்த பழைய நூல் துணி, ஒரு கத்தை.

நெஞ்சைக் காட்டிவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறவர்களுக்கு அவ்வளவு பழந்துணி எதற்கு?

"மேடம்..."

"டெலிபோன் பூத்துல இருந்து பெரியாஸ்பத்திரி அனுராதா டாக்டர்கிட்ட பேசிட்டேன். ரெண்டு பேரும் வருவாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். மூச்சுத் திணறல்ல கரு தங்கலன்னு மகன்கிட்ட அந்தம்மாவே சொல்லிக்கிடுவாங்களாம்."

டாக்டர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"ஆனா, படிப்புல இடி விழணும்னு சொன்னது மட்டும் இன்னைக்குச் சேர்த்தது. நேத்து சாயங்காலம் அந்தம்மா இங்க வந்து ஒத்திகை பார்த்தப்ப அது இல்ல."