பக்கத்து இருக்கை

மதிய வெயில் ஜன்னல் வழியாகச் சாப்பாட்டு மேசைமேல் விழுகிறது. பாறைமேல் ஏறக்கூடிய ரிமோட் ஜீப்பைப் பெட்டியில் வந்த உதிரிகளிலிருந்து என் கணவர் பொருத்தி முடித்துவிட்டார். நேற்று முன்சக்கரங்களுக்குள் ஈயத்துண்டுகளை ஒட்டியபோது, "எடை கீழ இருக்கணும், மேல ஏறினா கவுந்துடும்" என்று எனக்குப் பாடமே நடத்தினார். ஓட்டும் பொம்மைக்கு அவருடைய நீலக் கோடு போட்ட சட்டையையே தீட்டியிருக்கிறார். இப்போது அதன் பக்கத்தில் உட்காரப்போகும் விரலளவுப் பெண்ணுக்கு, மூச்சை அடக்கிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் மூக்குக்கண்ணாடி வரைகிறார். நான் கண்ணாடி போடுவதில்லை.

"யாருங்க இந்த மகாராணி?"

"யாருமில்ல. சும்மா, ஒரு எடைக்கு."

தலை நிமிரவில்லை, காது மடல் மட்டும் சிவக்கிறது. ஜீப்பின் குட்டி விளக்குகள் பகலிலும் எரிந்துகொண்டிருக்கின்றன. நான் அவளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறேன். உள்ளே வெறும் கூடு. வெங்காயச் சருகு அளவுக்குக்கூடக் கனமில்லை.

"மேல எடை ஏறினா கவுந்துடும்னீங்க. இவ காத்துல பறக்கறா. எந்த எடைக்குங்க?"

"பாத்து, இன்னும் காயல" என்று மட்டும் சொல்லி, கைக்குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கைகளையும் ஏந்துகிறார்.