நெல்லளவு

சிதம்பரத்தில் சிவகங்கைக் குளத்தின் படிகளில் காலையொளி இறங்குகிறது. பூக்கட்டும் மாரியம்மாள், சென்ற பிரதோஷத்தன்று கணவன் கொளஞ்சியப்பனின் கழுத்தை, அதில் புடைத்திருந்த கட்டியோடு சேர்த்து அளந்து, அளவுக்கு முடிச்சிட்டு வைத்த வாழைநாரை மீண்டும் சுற்றிப் பார்க்கிறாள். முடிச்சு முனையை எட்டவில்லை, நெல்லளவு இடைவெளி. “ஏன்டி முழிக்கிற? அண்டமே மொத்தமா பெருத்துருக்கும். கோபுரம், கொளம், நீ, நான், எல்லாந்தான்” என்று அவன் சிரிக்கிறான். “அப்புடின்னா இந்த நாரும் நீண்டுருக்கணுமே, மாமா.” சிரிப்பு அடங்குகிறது. “காஞ்சி சுருங்கியிருக்கும்டி” என்கிறான், தணிந்த குரலில். அவள் ஐந்தெழுத்தை முணுமுணுத்தபடி நாரைக் குளத்து நீரில் ஊறவிட்டு, நீவி, மறுபடி சுற்றுகிறாள். நீரில் கலைந்த கோபுரம் மெல்லத் தன் பழைய அளவுக்கே திரும்புகிறது. அண்டம் அசையாதிருக்க, அதே நெல்லளவு இடைவெளியில் அவள் விரல் நிற்கிறது.