உரிமத்தின் முதல் வரி

மாலை வெயில் பழைய கணினியின் தூசித் திரையில் சாய்ந்து விழுகிறது. இருபது வருடத்துக்கு முன் சேர்ந்து எழுதி, ஊருக்கே இலவசமாகக் கொடுத்த பிழைதிருத்தி மென்பொருளின் உரிமக் கோப்பை அக்காவும் தம்பியும் திறக்கிறார்கள். “நம்ம நிரலை எடுத்து மாத்துறவன், மாத்தினதையும் பொதுவில வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னியே,” என்று தம்பி சிரிக்கிறான். “பின்னே? என் முதல் நிரலை ஒருத்தன் எடுத்து, தன்னோடதுன்னு பூட்டி வித்தானே! நீதான், யார் என்ன வேணா பண்ணட்டும், அப்பா பேரை மட்டும் எடுக்கக்கூடாதுன்னே.” அந்தப் பேருக்காகத்தான் அவள் விட்டுக்கொடுத்தாள். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்திய அப்பாவின் பெயர் எந்தப் புத்தகத்திலும் வந்ததில்லை. கணினியின் விசிறி இரைகிறது. முதல் வரியில், தம்பி தட்டிய அந்தப் பெயர், ‘ழ’ வரவேண்டிய இடத்தில் ‘ள’வோடு நிற்கிறது. அவன் விரல் திரையிலேயே நின்றுவிடுகிறது. “அப்பா இதைப் பார்த்தாரா?” “அன்னைக்கே பார்த்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, ‘தம்பிகிட்ட சொல்லாதே, இருந்துட்டுப் போகட்டும்’னார்.”