என் பாதித் தீவு

ஆண்டீஸ் மலை ஏரியில் நாணல் அடுக்கி மிதக்கவிட்ட தீவு எங்களுடையது. சண்டை தீராவிட்டால் தீவையே ரம்பத்தால் அறுத்துப் பிரிந்துபோவது எங்கள் வழக்கம்.

சுற்றுலாப் படகு வந்ததும் அப்பா என்னை வண்ணப் பாவாடையில் நிறுத்தினார்.

"எங்க வம்சத்துலயே முதல் பட்டதாரி, பாத்துக்குங்க. பாடுடி, நயரா!"

"இதுக்காப்பா படிச்சேன்?"

"பின்னே, மந்திரி வேலையா காத்திருக்கு? பாடு!"

ரம்பத்தை எடுத்து அவர் குடிசைக்கும் என் குடிசைக்கும் நடுவே அறுத்தேன். வந்தவர்கள் வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள். கடைசி நாணலும் அறுந்து என் பாதி விலகியது. அப்போதுதான் கவனித்தேன், நங்கூரக் கயிறு அத்தனையும் அவர் பாதியில் இருந்தது.

"பிடிடி!" ஒரு கயிற்றை வீசினார்.

அதன் நுனி என் காலடியில் விழுந்தது. காற்று என்னைத் தள்ளத் தள்ளக் கயிறு நழுவிக்கொண்டே போனது. நான் ரம்பத்தைக் கீழே வைக்கவில்லை.